செயலாளர் ஆண்டறிக்கை, 2025–26

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழாவும் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவும் கோடைச் சுற்றுலாவும் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த அறிக்கையில் பெரும்பங்கு, அமெரிக்காவில் கறுப்பின வரலாற்று மாதமான பிப்ரவரிக்கே. கறுப்பின வரலாற்றறிஞர் கார்ட்டர் ஜி. வுட்சன் 1926 பிப்ரவரியில் தொடங்கிய 'நீக்ரோ வரலாற்று வாரம்' இவ்வாண்டு நூறைத் தொட்டது. அதிபர் ஆபிரகாம் லிங்கனின் பிறந்த நாள் 12-ஆம் தேதி. அடிமைத்தனத்திலிருந்து தப்பி அதை எதிர்த்துப் போராடிய பிரெடரிக் டக்ளஸ் தம் பிறந்த நாளாகக் கொண்டது 14-ஆம் தேதி. இரண்டையும் சேர்த்துத்தான் வுட்சன் அந்த வாரத்தைத் தேர்ந்தார். 1976-இல் அது மாதமாக விரிந்தது.

இதுவரை நாம் மார்ட்டின் லூதர் கிங் படம், ரோசா பார்க்ஸ் படம், ஒரு பேச்சுப் போட்டி என்று முடித்துக்கொள்வோம். இம்முறை யாரும் கேள்விப்படாதவர்களின் வாய்மொழியை முன்வைத்து, நகர நூலகத்தில் கண்காட்சி வைத்தோம்.

முதல் பலகையில் 1860 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அடிமைப் பட்டியல் ஒன்றின் நகல். பெயர் எழுதும் பத்தி உரிமையாளருக்கு மட்டும். கீழே வரிசையாக வயது, பால், நிறம்: கறுப்புக்கு 'பி', கலப்புக்கு 'எம்'. தப்பி ஓடியவரா என்பதற்கும் ஒரு பத்தி உண்டு. விடுதலையானவர்கள் கணக்கெடுப்பில் பெயரோடு வருவது 1870-இல்தான். குடும்பம் தேடுவோர் அங்கே முட்டி நிற்பார்கள். அதற்கு முன்னே போக ஒரு வழி, விடுதலையான அடிமைகளுக்காக 1865 முதல் 1874 வரை இயங்கிய ஃப்ரீட்மென் வங்கியின் கணக்குப் பதிவேடுகள். கணக்குத் தொடங்கியவரின் பெற்றோர், உடன்பிறந்தோர் பெயர்கள் பல பதிவுகளில் உள்ளன. சிலவற்றில் பழைய எஜமானர் பெயரும்.

பலர் நின்று படித்தது இரண்டாவது பலகையை. 1936 முதல் 1938 வரை அமெரிக்க அரசின் எழுத்தாளர் திட்டம், அடிமைகளாக இருந்த முதியோரிடம் எடுத்த 2,300-க்கும் மேற்பட்ட பேட்டிகள் அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. அதில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரத்து சூசன் ஹாம்லின் பேட்டியை எடுத்துக்கொண்டோம். 1937-இல் ஜெஸ்ஸி பட்லர் என்ற வெள்ளைக்காரப் பெண் பேட்டி எடுக்கப் போனபோது, வாசல் படியில் உட்கார்ந்திருந்த மூதாட்டி அவரை நலத்துறை ஆள் என்று நினைத்துக்கொண்டார். தான் அதைத் திருத்தவில்லை என்று பட்லரே எழுதியிருக்கிறார். எஜமானர் நல்லவர் என்று பதில் வந்தது. அதே மூதாட்டி, கறுப்பினப் பேட்டியாளர் அகஸ்டஸ் லாட்சனிடம் சாட்டையடியையும், பிள்ளைகளை விற்றபோது தாய்மார் அழுததையும் சொன்னார். அந்தப் பேட்டியில் மூதாட்டியின் குடும்பப்பெயர் ஹாமில்டன் என்று இருக்கிறது. பொருளாதாரப் பெருமந்த காலத்தில், உதவிப் பணம் கொடுப்பவர் என்று நம்பும் ஒருவரிடம் யார் மனம் திறப்பார்? இரண்டு பேட்டியையும் பக்கம் பக்கமாக ஒட்டியதற்குக் காரணம் இதுதான்.

இதே பாடத்தோடுதான் நம் ஊர் கறுப்பின முதியோரின் வாய்மொழியைப் பதியப் போனோம். 1910-க்கும் 1970-க்கும் இடையே அமெரிக்காவின் தெற்கிலிருந்து வடக்கும் மேற்கும் நகர்ந்த சுமார் 60 லட்சம் கறுப்பினத்தவரில் இவர்களின் குடும்பங்களும் அடக்கம். முன்பின் தெரியாத நாம் கேட்பதைவிட, பேத்தியோ சபைத் தோழியோ கேட்டால் பேச்சு நீள்கிறது. நம் ஆள் கருவியை மட்டும் பார்த்துக்கொண்டார்.

ஐந்து ஒலிப்பதிவுகளில் இரண்டு வீணாயின. ஒன்றில் குளிர்சாதனப் பெட்டியின் உறுமல் முழுக்க. இனி அதை அணைத்துவிட்டு, கார் சாவியை அதற்குள் வையுங்கள். திரும்ப ஓடவிடாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. மற்றொன்றில் மைக்கை மேசையில் வைத்ததால் விரல் தட்டுவதெல்லாம் இடியாகக் கேட்டது. வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், தாங்கியில் இருக்க வேண்டும். பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் (WAV) கோப்பாக இருக்கட்டும். எம்பி3 பிரதி எடுக்க மட்டும். தொடக்கத்தில் தேதி, இடம், கேட்பவர் யார், பேசுபவருக்கு என்ன உறவு என்பதைச் சொல்லிப் பதியுங்கள். ஒப்புதல் படிவத்தைப் பேச்சு முடிந்த பிறகு கையெழுத்துக்குக் கொடுங்கள். என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரியும். எந்தப் பகுதியை மூடி வைப்பது என்று அவரே குறிக்கட்டும்.

எழுத்தாக்கும்போது உச்சரிப்பைக் கேலிச்சித்திரமாக எழுத வேண்டாம். அரசின் எழுத்தாளர் திட்டத்தில் கறுப்பினத்தவர் பகுதிக்குப் பதிப்பாசிரியராக இருந்த ஸ்டெர்லிங் பிரவுன் அன்றே சொன்னதுதான்: சொல்வழக்கு முதலில், உச்சரிப்பு பிறகு.

மீதி மூன்று பதிவுகளும் இன்னும் எழுத்தாகவில்லை. ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஐந்தாறு மணி நேர உழைப்பு தேவை. முன்வருவோர் கூட்டம் முடிந்ததும் வாசலில் உள்ள தாளில் பெயர் எழுதிச் செல்லவும்.

— செயலாளர்