118 கிலோவிலிருந்து 57 கிலோ ஆகாதவர்கள் சார்பில் ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் முக்கால் பக்கத்துக்கு வந்த பருமன் ஆபரேஷன் விளம்பரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். இடது பக்கம் முகம் வாடிய ஒரு பெண். வலது பக்கம் அதே பெண், தன்னுடைய பழைய பேண்ட்டின் ஒரே காலுக்குள் மொத்தமாக நின்றுகொண்டு சிரிக்கிறார். கீழே கொட்டை எழுத்தில் 118-லிருந்து 57 என்று போட்டிருந்தது. பொய் என்று சொல்ல மாட்டேன், அப்படிக் குறைந்தவர்களும் இருக்கிறார்கள். நானும் உடல் பருமனுக்காக வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டவள்தான், 2021 ஆகஸ்டில், மதுரையில். அன்றைக்கு 112 கிலோ. இன்று காலையில் மெஷினில் ஏறிப் பார்த்தேன், 85. என் படத்தை எந்த விளம்பரத்திலும் போடமாட்டார்கள், ஆனால் பேரியாட்ரிக் என்கிற இந்த ஆபரேஷனைச் செய்துகொண்டவர்களில் பெரும்பாலானவர்கள் என்னைப் போலத்தான் இருக்கிறோம்.

அந்த விளம்பரம் வந்த மறுநாள் எங்கள் தெருவில் ஒரு பெண் பேப்பரையே கையில் எடுத்துக்கொண்டு வந்து, "ஏன்க்கா, நீங்க மட்டும் பாதியிலேயே நின்னுட்டீங்க?" என்று கேட்டாள். நல்ல பெண்தான், குத்திக் காட்டக் கேட்கவில்லை. அவளுடைய அம்மாவுக்கு இந்த ஆபரேஷன் செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆபரேஷனுக்கு முன்னால் நானும் 55 கிலோ கனவில்தான் இருந்தேன். கல்யாணத்துக்குத் தைத்த அரக்கு நிற ரவிக்கை ஒன்றை பீரோ அடியிலிருந்து தேடி எடுத்து, துவைத்து இஸ்திரி போட்டு மேல் தட்டில் வைத்திருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். டாக்டர் சொல்லவே இல்லை என்று பழி போடவும் முடியாது. ஆபரேஷனுக்கு முந்தின நாள் இரவு ஒன்பது மணிக்கு நர்ஸ் நீட்டிய ஏழெட்டுத் தாள்களில் ஒன்றில், கூடுதல் எடையில் 60 சதவீதம் வரை குறையலாம் என்று அச்சடித்திருந்தது. அதைத்தான் அவரும் வாயால் சொன்னார். 60 சதவீதம் என்றதை 60 கிலோ என்று என் காது வாங்கிக்கொண்டது. 112-ல் 60 போனால் 52, கணக்குச் சரியாக வருகிறதே என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். எது கூடுதல் எடை, எதில் 60 சதவீதம் என்று ஒரு பென்சிலை எடுத்து யாராவது போட்டுக் காட்டியிருந்தால் ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

கணக்கு இதுதான். என் உயரம் 155 செ.மீ. இந்த உயரத்துக்கு பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 25 வர வேண்டுமென்றால் 60 கிலோ இருக்க வேண்டும். ஆக 112-ல் 60-ஐக் கழித்தால் வரும் 52 கிலோதான் டாக்டர்கள் சொல்லும் கூடுதல் எடை. ஸ்லீவ், அதாவது இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கும் ஆபரேஷன் செய்தவர்களுக்குச் சராசரியாக அந்த 52-ல் பாதியோ, 60 சதவீதமோ குறையும், பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கி, சாப்பாடு சிறுகுடலின் முதல் பகுதியைத் தாண்டிப் போகும்படி இணைப்பது) என்றால் இன்னும் சற்றுக் கூட. 52-ல் 60 சதவீதம் என்பது 31 கிலோ. அதாவது எல்லாம் நல்லபடியாக நடந்தால் நான் வந்து நிற்க வேண்டிய இடம் 81. மொத்த எடையில் பார்த்தால் கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே. 81 கிலோவில் என் பி.எம்.ஐ. கிட்டத்தட்ட 34. இந்தியர்களுக்கு 23 தாண்டினாலே அதிக எடை, 25-லிருந்து பருமன் என்று வைத்திருக்கிறார்கள், அந்த அட்டவணைப்படி பார்த்தால் வெற்றிகரமாக ஆபரேஷன் முடிந்த பிறகும் நான் பருமன் கட்டத்தில்தான் இருப்பேன்! இந்த ஒரு வரியை ஆபரேஷனுக்கு முன்னால் கேட்டிருந்தால் அந்த ரவிக்கையை எடுத்திருக்கவே மாட்டேன். ஆபரேஷனையும் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டேன்.

விளம்பரங்களில் "70 சதவீதம் வரை எடைக் குறைப்பு" என்று போடுகிறார்கள். எதில் 70 என்று போடுவதில்லை. படிப்பவர் என்ன நினைப்பார்? 100 கிலோ இருந்தால் 30 கிலோ ஆகிவிடுவோம் என்றா? அப்படி யாரும் நினைக்கமாட்டார்கள்தான், ஆனால் எதையோ பெரிதாக நினைத்துக்கொள்வார்கள், அந்த "வரை" என்ற சின்ன வார்த்தை யார் கண்ணிலும் படாது.

அப்புறம், எடை இறங்கும் விதம். ஸ்லீவ் ஆபரேஷனில் இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேலே வெட்டி எடுத்துவிட்டு ஒரு வாழைப்பழம் மாதிரியான குழாயை விட்டுவைக்கிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகமாகச் சுரக்கும் பகுதியும் அதோடு போய்விடுவதால் முதல் சில மாதம் பசி என்றால் என்னவென்றே மறந்துபோகும். ரசத் தெளிவும் மோரும் பருப்புத் தண்ணீருமாக முதல் இரண்டு வாரத்தில் எனக்கு ஏழு கிலோ குறைந்தது. மூன்றாவது வாரம் மெஷினில் முள் அசையவில்லை. பத்து நாள்! அரை டம்ளர் கஞ்சிக்கு மேல் உள்ளே போகவில்லை, எடை மட்டும் அப்படியே நிற்கிறது என்றால் யாருக்குத்தான் அழுகை வராது. முதலில் போனதில் பெரும்பகுதி உடம்பில் தேங்கியிருந்த நீர், அது போன பிறகு உடம்பு கொஞ்ச நாள் நிதானிக்கும், இந்த ஆபரேஷன் செய்துகொண்ட நிறைய பேருக்கு மூன்றாம் வாரம் இப்படித்தான் இருக்கும் என்று டயட்டீசியன் போனில் சொன்ன பிறகுதான் தூக்கம் வந்தது. நாலாவது மாதம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. எடை சட்டென்று குறையும்போது வருவதுதான், சில மாதத்தில் நின்றுவிடும் என்றார்கள், நின்றும்விட்டது. பதினாலாவது மாதம் 78. அதுதான் நான் தொட்ட அடி. அதன் பிறகு 80, 82, இப்போது 85.

ஏறிய இந்த ஏழு கிலோவுக்காக என் வீட்டில் நான் வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. வாயைக் கட்டவில்லை என்றார்கள். ஓரளவு உண்மைதான். இட்லி ஒன்றரைக்கு மேல் இறங்காத வயிற்றில் முறுக்கும் மிக்சரும் ஐஸ்கிரீமும் வழுக்கிக்கொண்டு போகும், பள்ளிக்கூடத்தில் வினாத்தாள் திருத்தும்போது கொறித்திருக்கிறேன். ஆனால் முழுக் கதை அதுவல்ல. எடை குறைந்த உடம்புக்குத் தேவைப்படும் சக்தியும் குறைந்துவிடும், பசியும் மெல்லத் திரும்பி வரும், உடம்பு தன் பழைய எடையை மறப்பதில்லை. சுவீடனில் 1987-ல் தொடங்கி சுமார் 4,000 பேரை, ஆபரேஷன் செய்தவர்கள் ஒரு குழு, செய்யாதவர்கள் ஒரு குழு என்று பிரித்து, வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தார்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு ஓரிரு வருடத்தில் சராசரியாக மொத்த எடையில் 32 சதவீதம் குறைந்திருந்தது, பத்து வருடம் கழித்து அது 25 சதவீதமாக நின்றது. சுவீடன்காரர்கள் மிக்சர் சாப்பிட்டார்களா என்ன? என் கணக்கும் ஏறக்குறைய அப்படித்தான், அடியில் 30 சதவீதம், இப்போது 24. அதே ஆய்வில் ஆபரேஷன் செய்துகொண்ட குழுவில் இறப்பும் குறைவாக இருந்தது. இதை மட்டும் ஏன் யாரும் கொட்டை எழுத்தில் போடுவதில்லை?

விளம்பரப் படங்கள் எந்த மாதத்தில் எடுக்கப்பட்டவை என்று பாருங்கள், அல்லது கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு வருடம், ஒன்றரை வருடம், அதாவது எடை அடிமட்டத்தில் இருக்கும் நேரம். அதே ஆளை ஐந்தாம் வருடம் கூப்பிட்டுப் படம் எடுத்துப் போட்டதை நான் பார்த்ததே இல்லை. தொங்கும் தோலும் படத்தில் வராது. என் கைகளின் அடிப்பகுதியும் வயிறும் காற்றுப் போன பலூன் மாதிரி இருக்கின்றன. உடற்பயிற்சியில் அது போகாது, இன்னொரு ஆபரேஷன் செய்தால்தான் போகும், அதற்கு நான் தயாராக இல்லை.

கிடைத்தது என்ன என்றும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அந்தப் பெண்ணின் அம்மா பயந்துவிடுவார். இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டிருந்தவள் நான், இன்றைக்கு ஒரு வேளை மாத்திரை. மூன்று மாத சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 9.4 இருந்தது, கடைசியாகப் பார்த்தபோது 6.3. தூக்கத்தில் மூச்சு நின்றுவிடும் என்று மாட்டிக்கொண்டிருந்த மெஷின் பரணில் கிடக்கிறது. பழனிக்கு எப்போது போனாலும் வின்ச்சுக்கு வரிசையில் நிற்பவள், போன தைப்பூசம் முடிந்து கூட்டம் குறைந்த பிறகு யானைப் பாதையில் நடந்தே ஏறினேன், நாலு இடத்தில் உட்கார்ந்துதான், ஆனாலும் நடந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்பவர் முகம் சுளிப்பதில்லை. 85 கிலோவில் இவ்வளவும் நடந்திருக்கிறது ஐயா, 57-ல் அல்ல.

இதெல்லாம் ஏதோ மன ஆறுதலுக்குச் சொல்வதாக நினைக்க வேண்டாம். தப்பான எண் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு ஆபரேஷனுக்குப் போனால் உடம்பே கெட்டுப்போகும் என்பதை நேரில் பார்த்தேன். செக்கப்புக்குப் போன இடத்தில் ஒரு அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். 130-லிருந்து 98-க்கு வந்து நின்றுவிட்டதாம். 32 கிலோ குறைந்திருக்கிறது, ஆனால் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை "எனக்கு ஃபெயிலியர்ம்மா". டாக்டர் திட்டுவாரோ என்ற வெட்கத்தில் இரண்டு வருடம் செக்கப்புக்கே வரவில்லை. ஆபரேஷன்தான் வேலை செய்யவில்லையே, மாத்திரை எதற்கு என்று வைட்டமின் மாத்திரைகளையும் நிறுத்திவிட்டார். இப்போது பாதம் மரத்துப்போய், நடந்தால் தள்ளாடுகிறது, பி12 அடிமட்டத்துக்குப் போயிருக்கிறது. பி12, இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் இந்த ஆபரேஷனுக்குப் பிறகு ஆயுசு முழுக்க கவனிக்க வேண்டியவை, எடை குறைந்தாலும் குறையாவிட்டாலும். நிஜக் கணக்கை முதலிலேயே அவருக்குச் சொல்லியிருந்தால் 98-ஐப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, மாத்திரையையும் விடாமல் போட்டிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இப்போது எடை குறைக்கும் ஊசி மருந்துகளும் நம் நாட்டுக்கு வந்துவிட்டன, 2025 மார்ச்சில் மவுஞ்சாரோ, ஜூனில் வீகோவி. அவற்றுக்கும் இதே கதை தொடங்கிவிட்டது, ஊசியை நிறுத்தினால் எடை திரும்புகிறது என்பதை யாரும் பெரிய எழுத்தில் சொல்வதில்லை. அதை வேறு யாராவது எழுதட்டும், நான் போட்டுக்கொண்டதில்லை.

உங்களிடம் கேட்பது பெரிய விஷயம் இல்லை. பருமன் ஆபரேஷன் விளம்பரம் வாங்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: சதவீதம் எதில், படம் எத்தனையாவது மாதம், அந்த மருத்துவமனையில் செய்துகொண்டவர்களின் சராசரி எவ்வளவு. பதில் தந்தால் அதையும் சேர்த்து அச்சிடுங்கள். தர மறுத்தால் அந்த முக்கால் பக்கத்தில் வேறு ஏதாவது போட்டுக்கொள்ளலாம். உங்கள் மருத்துவப் பகுதியில் எழுதும் டாக்டர்களிடமும் சொல்லுங்கள், உயரத்தையும் எடையையும் வைத்து அவரவருக்கு எவ்வளவு குறையலாம் என்று போட்டுப் பார்க்கும் கணக்கை ஒரு தடவை விளக்கமாக எழுதினால் போதும், நான் பென்சிலால் போட்ட அதே கணக்குதான்.

படம் இல்லாமல் கட்டுரை எடுபடாது என்றால் என் படத்தை அனுப்புகிறேன். ஐந்தாம் வருடம், 85 கிலோ, பழனி யானைப் பாதையில் மூச்சு வாங்க உட்கார்ந்திருக்கும்போது என் மகன் எடுத்தது. முகத்தை மட்டும் மறைத்துவிடுங்கள், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பார்ப்பார்கள்.

இப்படிக்கு,
ஆசிரியை ஒருவர்,
திண்டுக்கல்
(பெயர் வெளியிட வேண்டாம்)