கந்தக பூமியில கந்தகம் பத்தல

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம பேப்பர்ல இமயமலையில பனி சீக்கிரமா உருகுறத பத்தி அரைப்பக்கத்துக்கு போட்டிருந்தீங்க, படமெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா படிச்சு முடிச்சதும் எனக்கு ஒரு குறை. பனி உருகுனா தண்ணி வரும், சீக்கிரம் உருகுனா கோடையில பஞ்சம் வரும்னு தண்ணியோட நிறுத்திட்டீங்க. மலையில இருந்து தண்ணி மட்டுமா எறங்குது? மண்ணுக்குள்ள பூந்து வரும்போது அங்க இருக்குறதயும் கரைச்சு கூட்டிக்கிட்டுல்ல வருது, அதுல ஒரு முக்கியமான ஆளு கந்தகம், பயிருக்கு வேண்டிய ஒரு சத்து, அத பத்தி ஒரு வரி இல்ல. நான் பேரையூர் பக்கம் மூணு ஏக்கர் வச்சுருக்குற சம்சாரி, பாதி செம்மண்ணு பாதி கரிசல். பேரையூர்க்காரனுக்கு பனியில என்ன சோலின்னு கேக்காதீங்க, இருக்கு.

எங்க வீட்டம்மாவோட அண்ணன் மகன் கொலராடோவுல கம்ப்யூட்டர் வேலையில இருக்கான். மே மாசம் ஆச்சுன்னா "மாமா இதப் பாருங்க"ன்னு மலையில இருந்து பனித்தண்ணி ஓடி வர்ற வீடியோ அனுப்புவான், நானும் பதிலுக்கு நம்ம கண்மாய் வெடிச்சுக் கெடக்குறத போட்டோ எடுத்து அனுப்புவேன். அவன்கிட்ட பேசிப் பேசித்தான் இதெல்லாம் எனக்கு பிடிபட்டுச்சு. அங்க மாசக்கணக்கா பெய்யுற பனி அப்பிடியே மலை மேல கெடக்கும், காத்துல வர்ற புகை தூசி எல்லாம் அது மேல படிஞ்சு சேந்துக்கிட்டே இருக்கும், வெயில் ஏறுனதும் மொத மொத உருகுற தண்ணியிலயே சேந்ததுல பெரும்பங்கு கரைஞ்சு வந்துரும், பின்னாடி வர்றதெல்லாம் கொஞ்சம் தெளிவு. நம்ம மொட்டைமாடியில மொத மழைத் தண்ணிய தொட்டிக்கு விடாம வெளிய தள்ளிவிடுறோம்ல, அதே கதைதான். நார்வேக்கு தெக்குப் பக்கம் ஆத்துல இந்த மாதிரி பனி உருகுற சமயத்துல மீனெல்லாம் செத்து மெதந்திருக்கு, எங்கயோ பிரிட்டன்லயும் மத்த நாட்டுலயும் நிலக்கரி எரிச்ச புகையில இருந்த கந்தகம் அமிலமாகி அங்க போய் விழுந்ததுனால.

அமெரிக்காவுல நியூ ஹாம்ப்ஷயர்ல ஹப்பார்ட் புரூக்குன்னு ஒரு காடு. 1963ல அங்க மழைத்தண்ணிய எடுத்து டெஸ்ட் பண்ணுனப்பதான் அமில மழை விழுறது அந்த ஊரு விஞ்ஞானிகளுக்கே தெரிஞ்சது. அமிலம் என்ன பண்ணுச்சுன்னா மண்ணுல இருந்த சுண்ணாம்புச் சத்த அரிச்சு ஆத்துல கொண்டு போய் விட்டுருச்சு, மேப்பிள் மரமெல்லாம் நோஞ்சானா போச்சு. 1999ல ஹெலிகாப்டர்ல சுண்ணாம்புச் சத்து உள்ள கல்லுப்பொடிய ஒரு மலைச்சரிவு பூரா தூவி விட்டிருக்காங்க, அதுக்கப்புறம் மரம் தேறிக்கிருச்சாம். நம்ம கடலைக்கு சுண்ணாம்புச் சத்துக்காக ஜிப்சம் போடுறோம், அவங்க காட்டுக்கே போட்டிருக்காங்க!

இதுக்குள்ள 1990ல கடுமையா சட்டம் கொண்டு வந்தாங்க, புகையில வர்ற கந்தகம் மளமளன்னு கொறஞ்சிருச்சு. நம்ம ஊர்லயும் 2020 ஏப்ரல்ல இருந்து டீசல்ல கந்தகம் 50 பிபிஎம்ல இருந்து 10 பிபிஎம் ஆச்சு (பிபிஎம்னா பத்து லட்சத்துல ஒரு பங்கு), லாரிக்குப் பின்னாடி பைக்குல போறவனுக்கு அது நல்லதுதான். ஆனா வானத்துல இருந்து ஓசியா விழுந்துக்கிட்டிருந்த சத்து நின்னு போச்சுல்ல, அதுனால அமெரிக்காவுல சம்சாரிகள் காசு குடுத்து வாங்கிப் போட ஆரம்பிச்சாங்க. கொலராடோ பல்கலைக்கழகத்துல ஈவ்-லின் ஹின்க்லின்னு ஒரு அம்மா, அவங்களும் கூட இருக்குறவங்களும் 2020ல எழுதுன கட்டுரையில சில பயிருக்கு இப்ப போடுற கந்தகம் அமில மழை உச்சத்துல இருந்தப்ப விழுந்தத விட பல மடங்குன்னு கணக்கு காட்டியிருக்காங்க. கலிபோர்னியாவுல நாப்பா பக்கம் திராட்சைக்கு சாம்பல் நோய்க்காக கந்தகம் அடிக்கிறாங்க, மழை பேஞ்சா அதுல ஒரு பங்கு கழுவிக்கிட்டு ஓடைக்குப் போகுது. நம்ம கம்பம் பள்ளத்தாக்கு பன்னீர் திராட்சைக்கும் சாம்பல் நோய்னா கந்தகம்தான், யாராச்சும் ஓடைத் தண்ணிய எடுத்துப் பாக்குறாங்களான்னு எனக்கு ஒரு கேள்வி உண்டு.

ஃபுளோரிடாவுல கதை இன்னும் மோசம். கரும்புக் காட்டுல போட்ட கந்தகம் எவர்கிளேட்ஸ் சதுப்புக்குள்ள எறங்கி, அங்க காத்துப்படாத சேத்துல இருக்குற நுண்ணுயிருக்கு தீனியாகி, அதுக சும்மா கெடந்த பாதரசத்த மீன் ஒடம்புல ஏறுற மாதிரி மாத்தி விட்டுருதுக. அந்த மீன நெறைய சாப்புடாதீங்கன்னு எச்சரிக்கை பண்ற அளவுக்கு போயிருச்சு. கண்மாய்ச் சேத்த மிதிச்சா அழுகுன முட்டை நாத்தம் ஒண்ணு வரும்ல, அந்த நாத்தம் போடுறதும் இதே ஜாதி உயிருகதான், வயல்ல தண்ணி ரொம்ப நாளு தேங்குனா நெல்லு வேரு கருத்துப் போறதும் அதுகளாலதான். பாதரசம்னா என்னன்னு தெர்மாமீட்டர் ஃபேக்டரி கழிவ பாத்த கொடைக்கானல் காரங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல, அதுனால மலை மேல வெள்ளாமைக்கு போடுற எல்லாத்தையும் ஒரு கண்ணு வச்சுக்கிட்டே இருக்கணும்னு நெனைக்கிறேன்.

சரி, எங்க கதைக்கு வர்றேன். எங்கிட்டு இருந்து வந்தவங்களும் எங்க பக்கத்த "கந்தக பூமி"ம்பாங்க. வெயிலுக்கு சொல்றது அது, மண்ணுக்கு இல்ல, ஆனா நானும் அப்பிடியே நம்பிக்கிட்டு இருந்துட்டேன். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி செம்மண்ணுல போட்ட கடலையில கொழுந்து இலையெல்லாம் மஞ்சப் பூத்துப் போச்சு. உரக்கடையில போய் சொன்னேன், பாக்காமயே யூரியா போடுன்னுட்டாரு, போட்டேன், மறுபடி போட்டேன், செடி தழைஞ்சதே ஒழிய கொழுந்து மஞ்ச மாறல, பிடுங்கிப் பாத்தா பாதிக்குப் பாதி பொக்கு, உள்ள பருப்பே இல்ல. அப்புறம் ரிட்டயர் ஆன ஒரு விவசாய அதிகாரி டீக்கடையில வச்சு சொன்னாரு, "ஏப்பா, தழைச்சத்து பத்தலைன்னா அடியில இருக்குற கிழட்டு இலைதான் மொதல்ல மஞ்சளாகும், கந்தகம் பத்தலைன்னாத்தான் கொழுந்து வெளுக்கும், நரம்பு மட்டும் பச்சையா நின்னா அது இரும்புச் சத்து, இத கூடப் பாக்காமயா யூரியாவ கொட்டுன." அம்புட்டு பேரு முன்னாடி. பத்து ரூவா டீயில படிச்ச பாடம்.

என்கிட்ட மண்வள அட்டை இருந்துச்சு. அதுல 12 அயிட்டம் பாக்கணும், கந்தகமும் அதுல ஒண்ணு. வீட்டுல தேடி எடுத்துப் பாத்தேன், போதுமான அளவுன்னு போட்டிருக்கு! பக்கத்து காட்டுக்காரர் அட்டையிலயும் அதே நம்பர், அதுக்கு அடுத்தவர்கிட்டயும் அதே நம்பர், புள்ளி கூட மாறல. விசாரிச்சாத்தான் தெரியுது, மானாவாரிக்கு 10 ஹெக்டேருக்கு ஒரு எடத்துல மண்ணு எடுத்தா போதும்னுதான் திட்டத்தையே போட்டிருக்காங்க. 10 ஹெக்டேர்னா 25 ஏக்கர். என் மூணு ஏக்கருக்குள்ளயே கரிசலும் செம்மண்ணும் கெடக்கு, இதுல 25 ஏக்கருக்கு ஒரு கைப்பிடி மண்ணு என்னத்த சொல்லும். வீட்டுல அஞ்சு பேரு இருக்கையில ஒருத்தனுக்கு ரத்தம் எடுத்துட்டு அஞ்சு பேருக்கும் மாத்திரை எழுதுன மாதிரி இருக்கு.

எங்கப்பா காலத்துல இந்த வியாதியே இல்ல. அவரு கந்தகம்னு ஒண்ண காசு குடுத்து வாங்குனது கெடையாது, ஆனா அவரு போட்ட சூப்பர் பாஸ்பேட் உரத்துல 11 சதவீதம் கந்தகம் இருந்துச்சு, அமோனியம் சல்பேட்டுல 24 சதவீதம். நாமதான் மூட்டை கொறச்சலா வருதுன்னு டிஏபிக்கும் யூரியாவுக்கும் மாறுனோம், ரெண்டுலயும் கந்தகம் கெடையாது. ஆட்டுக்கிடை போடுறது நின்னு போச்சு, கண்மாய் கரம்பை அடிக்கிறதும் நின்னு போச்சு. மண்ணுல இருக்குற கந்தகத்துல பெரும்பகுதி மக்குல, அதாவது மக்கிப்போன இலைதழை சாணியில தான் இருக்கும், மக்கு போச்சுன்னா அதுவும் போச்சு, அதுலயும் மணல்சாரி நெலம்னா மிச்சம் கெடக்குறதயும் ஒரு கனமழை அடிச்சு கீழ எறக்கிரும். இப்ப யூரியா கோல்டுன்னு கந்தகம் பூசுன யூரியா விடுறாங்க, 37 சதவீதம் தழைச்சத்து 17 சதவீதம் கந்தகம்னு சொல்றாங்க, எங்க ஊரு கடையில கேட்டா ஏற இறங்க பாக்குறாங்க.

மலைக்கும் இதுல பங்கு இருக்கு. நமக்கு பனி கெடையாது, டிசம்பர் ஜனவரியில கொடைக்கானல்ல உறைபனி விழும், கார் எடுத்துக்கிட்டுப் போய் செல்ஃபி எடுத்துட்டு வருவோம், வெயில் ஏறுனா அதுவும் போச்சு. நமக்கு பனி மாதிரி தண்ணிய புடிச்சு வச்சு பைய பைய விடுறது சோலைக்காட்டு மண்ணுதான், கருகருன்னு பஞ்சு மாதிரி மக்கு. பழனிமலை தெக்குச் சரிவுல பேயுற மழை மஞ்சளாறு, வராகநதின்னு எறங்கி வைகையில வந்து சேருது. சோலைக்காட்ட ஒட்டி இருந்த புல்வெளியில யூகலிப்டசும் பைனும் வாட்டிலும் நட்டு வச்சுட்டு, வைகை அணை 71 அடி வந்துச்சா வந்துச்சான்னு தெனம் உங்க பேப்பரத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம். அளவு போடுறீங்க, நல்ல விசயம், அந்த தண்ணி மலையில இருந்து என்னத்த கொண்டு வருதுன்னும் ஒரு நாளு போடுங்களேன். கோடை முடிஞ்சு மொத மழைக்கு ஆத்துல செவசெவன்னு வர்ற புதுத்தண்ணிதான் நமக்கு பனி உருகுற தண்ணி, அத வருசா வருசம் ஒரு பாட்டில்ல புடிச்சு டெஸ்ட் பண்ண எத்தன காசு ஆகப்போகுது, நம்ம மதுரையில விவசாயக் கல்லூரியே இருக்கு.

போன வருசம் விதைச்ச 45வது நாளு மண்ணு அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டேன், அதுல சுண்ணாம்பும் இருக்கு கந்தகமும் இருக்கு. பொக்கு நல்லா கொறஞ்சது. அதுக்காக பாக்குற எல்லாரும் மூட்டை மூட்டையா வாங்கிக் கொட்டிராதீங்க, ஃபுளோரிடா கதைய அதுக்குத்தான் சொன்னேன், தேவைக்கு மேல போட்டதெல்லாம் தண்ணியோட எவன் கண்மாய்க்கோதான் போகும். மண்ணப் பாத்துட்டு போடுங்க, 10 பிபிஎம்முக்கு கீழ இருந்தா பத்தலைன்னு அர்த்தம்.

உங்க விவசாயப் பக்கத்துல இத விவரமா ஒரு தடவ போட்டீங்கன்னா ஆடிப்பட்டத்துக்கு முன்னாடி போடுங்க. நான் இந்த தடவ கரிசலுக்கு தனி, செம்மண்ணுக்கு தனின்னு அரையரை கிலோ எடுத்து நெழல்ல காயப்போட்டு வச்சுருக்கேன், அட்டையில என்ன நம்பர் வருதுன்னு உங்களுக்கும் எழுதுறேன்.

இப்படிக்கு,
பேரையூர் பக்கத்து சம்சாரி ஒருத்தன்,
மதுரை மாவட்டம்