மூன்று நொடி

அன்புத் தோழிக்கு,

எட்டு மாதமாக எழுதவில்லை. நீ இரண்டு முறை எழுதியும் பதில் போடவில்லை. கோபப்பட உனக்கு முழு உரிமை உண்டு, ஆனால் அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு முதலில் இதைப் படித்துவிடு. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பெரியவன் இன்னும் பரீட்சைக்கு முந்தைய நாள் ராத்திரிதான் புத்தகத்தைத் திறக்கிறான், உன்னிடம் வளர்ந்த பிள்ளை மாதிரி. மஞ்சள் குடை பத்திரமாக இருக்கிறது, திருப்பிக் கேட்காதே. மற்றதெல்லாம் நேரில்.

எழுத உட்கார்ந்த காரணம் வேறு. இந்த வருடம் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த 11 விரிவுரையாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். எல்லா மாணவருக்கும் நியாயமாகப் பாடம் நடத்துவது எப்படி என்பதுதான் பொருள். அதற்கு ஒதுக்கிய நேரம் ஒரே ஒரு முற்பகல்! வருகைப் பதிவு மென்பொருளைக் கற்றுக்கொடுக்க ஒன்றரை நாள், இதற்கு மூன்று மணி நேரம். சண்டை போட்டுத்தான் இரண்டாவது அமர்வை வாங்கினேன்.

முதல் மணி நேரம் நான் பேசினேன். பாரபட்சம் கூடாது, பின்வரிசையை மறக்கக் கூடாது, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளையை மனதில் வையுங்கள் என்றெல்லாம். பதினொரு பேரும் தலையாட்டினார்கள். சிக்கலே அங்கேதான். நான் பாரபட்சம் காட்டுவேன் என்று நினைத்துக்கொண்டு யாரும் வேலைக்கு வருவதில்லை. எல்லோரும் நல்லவர்கள், நல்ல எண்ணத்தோடுதான் வருகிறார்கள். எண்ணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தால் தலையாட்டல்தான் மிஞ்சும்.

அப்புறம் பேச்சை நிறுத்திவிட்டு ஒரு பையனைப் பத்து நிமிடம் பாடம் எடுக்கச் சொன்னேன். வேதியியல், மென்மையாகப் பேசுவான், பாடத்தை அவ்வளவு தெளிவாகச் சொன்னான். மற்றவர்கள் மாணவர்களாக உட்கார்ந்தார்கள். ஒருத்தி மட்டும் இருக்கைகளைத் தாளில் கட்டம் கட்டமாக வரைந்து, யாரிடம் கேள்வி போகிறதோ அந்தக் கட்டத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். மொத்தம் 14 கேள்வி. அதில் ஒன்பது, முன்வரிசையில் இருந்த இரண்டே பேருக்கு. நாலு கட்டம் வெறுமையாகவே இருந்தது. அவன் அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "மேடம், நான் எல்லோரையும் பார்த்துத்தான் கேட்டேன்" என்றான். பொய் சொல்லவில்லை. அவன் கண் எல்லோர் மேலும்தான் போனது. ஆனால் கேள்வி முடிந்த கணமே எந்தக் கை முதலில் உயர்ந்ததோ அங்கே வாய்ப்பும் போய்விட்டது.

இதை மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970களிலேயே வகுப்பறை ஒலிப்பதிவுகளை வைத்து அளந்து சொல்லியிருக்கிறார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று நொடியாக்கினால் பதில்கள் நீள்கின்றன, "தெரியாது" குறைகிறது, வழக்கமாகப் பேசாதவர்கள் பேசுகிறார்கள். என்னைக் குத்தியது இன்னொன்று: சுமாரான மாணவர் என்று ஆசிரியர் நினைக்கும் பிள்ளைக்குக் கிடைக்கும் அவகாசம், கெட்டிக்கார மாணவருக்குக் கிடைப்பதைவிடக் குறைவு. அதிக நேரம் தேவைப்படலாம் என்று நாம் நினைக்கும் பிள்ளைக்கே குறைந்த நேரம் கொடுக்கிறோம்.

சரி, மூன்று நொடி சும்மா நில்லுங்கள் என்றேன். எவ்வளவு கஷ்டம் தெரியுமா அது! ஒருவர் சாக்பீஸை விரலுக்குள் உருட்டிக்கொண்டே இருந்தார். இன்னொருத்தி இரண்டாவது நொடியில் தன் கேள்விக்குத் தானே பதில் சொல்லிவிட்டாள். மறுபடி, மறுபடி செய்யவைத்தேன். அந்த மௌனம் உடம்புக்குப் பழக வேண்டும். நீச்சலைப் பற்றி உரை கேட்டு யாரும் நீந்தியதில்லையே. "முதலில் ஒரு நிமிடம் தாளில் எழுதுங்கள், பக்கத்தில் இருப்பவரோடு பேசுங்கள், அப்புறம் வகுப்புக்குச் சொல்லுங்கள்" என்று செய்து பார்த்தபோது, காலையிலிருந்து வாயே திறக்காத கணிதக்காரி மிக நல்ல பதில் ஒன்றைச் சொன்னாள்.

விடைத்தாளையும் திருத்தவைத்தேன். பெயர்ப் பக்கத்தை மடித்துவிட்டு, ஒரு ஆளின் தாளை முழுதாகத் திருத்தாமல், எல்லோருடைய முதல் கேள்வியையும் முடித்த பிறகே இரண்டாவது கேள்விக்குப் போக வேண்டும். முதல் விடை நன்றாக இருந்தால் அடுத்ததற்கும் கை தாராளமாகும். அதைத் தடுக்கும் வழி இது. ஒரே விடைக்கு ஒருவர் 4, இன்னொருவர் 8 போட்டிருந்தார்கள். எதற்கு எத்தனை மதிப்பெண் என்று முன்கூட்டியே எழுதி வைக்காததன் விளைவு. அதைப் பார்த்துத்தான் அறை நிஜமாகவே அமைதியானது.

இதைத் தயாரிக்கும்போது யூரி ட்ரைஸ்மன் என்ற அமெரிக்கக் கணித ஆசிரியரின் கதையைப் படித்தேன். அதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. 1970களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கால்குலஸ் என்ற நுண்கணித வகுப்பில் கறுப்பின மாணவர்கள் நிறையப் பேர் தோற்றுக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று பேராசிரியர்களைக் கேட்டால் ஆர்வம் குறைவு, அடித்தளம் போதாது, வீட்டில் ஊக்கம் இல்லை, வருமானம் குறைவு என்று ஆளுக்கொரு காரணம். ட்ரைஸ்மன் கறுப்பின மாணவர் 20 பேர், சீன வம்சாவளி மாணவர் 20 பேர் என எடுத்துக்கொண்டு, அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்தார். பேராசிரியர்கள் சொன்ன காரணம் ஒன்றும் நிற்கவில்லை. கறுப்பின மாணவர்களும் சிரத்தையாகத்தான் படித்தார்கள். ஆனால் பெரும்பாலும் தனித்தனியாக! சீன வம்சாவளி மாணவர்கள் தனியாகப் படித்தபின் மாலையில் கூடி உட்கார்ந்து ஒருவர் விடையை ஒருவர் சரிபார்த்தார்கள், எது முக்கியம், ஆசிரியர் எதை எதிர்பார்க்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். அவர் தோற்பவர்களுக்கான சிறப்பு வகுப்பு வைக்கவில்லை. இன்னும் கடினமான கணக்குகளைக் கொடுத்து, குழுவாக உட்காரவைத்துப் போடச் சொன்னார். மதிப்பெண்கள் ஏறின. பிள்ளைகளிடம் குறை தேடுவதை விட்டுவிட்டு அவர்கள் படிப்பதை ஒருவர் போய்ப் பார்த்திருக்கிறார், பார்த்தாயா!

வகுப்பையே மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியிட்டார்கள். வெறும் விரிவுரையில் தோல்வி சுமார் 34 சதவீதம். மாணவர்கள் ஏதாவது செய்யும் வகுப்புகளில் சுமார் 22. இதைச் சொன்னதும் அந்த வேதியியல் பையன் கேட்டான்: "அப்படியானால் எங்களுக்கு ஏன் மேடம் விரிவுரையாகவே சொல்லிக்கொடுத்தார்கள்?" என்னிடம் பதில் இல்லை. எனக்கும் அப்படித்தானே சொல்லிக்கொடுத்தார்கள்.

இனி எழுதப்போவதை எழுத எனக்குக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, சும்மா, நம்முடைய வகுப்பைக் கட்டம் போட்டு வரைந்து பார்த்தேன். மூன்று வருடம். நான் முன்னால், நீ ஜன்னலோரத்தில் மூன்றாவது வரிசை. எனக்குக் கோடு போட இடம் போதவில்லை. உன் கட்டத்தில் ஒன்றுகூட இல்லை. பரீட்சைக்கு முந்தைய இரவுகளில் எனக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தது நீ. அதே பாடத்தை மறுநாள் வகுப்பில் கேட்டால் கை உயர்த்தியது நான். உனக்கு எல்லாம் தெரியும் என்று எனக்குத் தெரியும். சாருக்குத் தெரியவே தெரியாது. கடைசி வருடம் ஆராய்ச்சிக்குப் பரிந்துரைக் கடிதம் எனக்கு மட்டும் கிடைத்தபோது, நீ பேசாத பெண், அதனால்தான் என்று அத்தனை பேரும் சொன்னோம். நானும் சொன்னேன். உன்னிடம் மூன்று நொடி யாரும் காத்திருக்கவில்லை என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. இத்தனை வருடம் கழித்து ஒரு காகிதத்தைப் பார்த்துத்தான் தோன்றுகிறது. என்னை மன்னித்துவிடு.

வேண்டாம், உடனே 'அதெல்லாம் ஒன்றுமில்லைடி' என்று எழுதிவிடாதே.

அடுத்த மாதம் இரண்டாவது அமர்வு. நீ வர முடியுமா? மேடையில் ஏறிப் பேசச் சொல்லவில்லை. அந்தப் பதினொரு பேரோடு ஒரு மேசையில் உட்கார்ந்து, பதில் தெரிந்தும் பேசாமல் இருக்கும் மாணவிக்குக் கேள்வி முடிந்த அந்த ஒரு நொடியில் உள்ளே என்ன நடக்கிறது என்று நீ சொல்ல வேண்டும். எனக்கு அது தெரியாது, நான் எப்போதும் கை உயர்த்தியவள். வர விருப்பமில்லை என்றால் அதையும் தயங்காமல் எழுது. யோசித்து மெதுவாகவே எழுது, நான் காத்திருக்கிறேன்.

உன்
முன்வரிசைக்காரி