கல்லீரல் நோயாளிகளின் வீட்டுக்கும் வாருங்கள்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலர் அவர்களுக்கு,

வணக்கம். கம்பத்திலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் வேலை பார்த்துத் திரும்பும் குடும்பத்தைச் சேர்ந்தவள் நான். கல்லீரல் நோயால் வயிற்றில் நீர் கோத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

குடியாலோ, ஹெப்படைட்டிஸ் கிருமியாலோ, கொழுப்பாலோ கல்லீரல் தழும்பேறி இறுகும்போது, குடலிலிருந்து அதற்கு இரத்தம் கொண்டுவரும் சிரையில் அழுத்தம் கூடுகிறது. சிறுநீரகம் உப்பைப் பிடித்துவைக்கிறது. ஆல்புமின் புரதமும் குறைவதால் நீர் வயிற்றுக்குள் சேர்கிறது. ஆகவே, ஊசி போட்டு நீரை எடுத்து அனுப்பிவிட்டால் மட்டும் போதாது. என் அண்ணனிடம் உப்பைக் குறைக்கச் சொன்னார்களே தவிர, அவர் தூக்குவாளியில் போகும் நார்த்தங்காய் ஊறுகாயையும் கருவாட்டையும் பெயர் சொல்லி யாரும் தடுக்கவில்லை. நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 கிராம் உப்பே அனுமதி என்னும்போது, அது மதியச் சாப்பாட்டிலேயே தீர்ந்துவிடுகிறது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அதே பணியாளர் இந்நோயாளிகளின் எடையையும் பார்த்து எழுதலாம். ஸ்பைரோனோலாக்டோன், ஃபுரோசமைடு போன்ற நீர் மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கால் வீக்கம் இல்லையென்றால், நாளுக்கு அரைக் கிலோவுக்கு மேல் எடை இறங்கக் கூடாது. இறங்கினால் சிறுநீரகம் கெடலாம். சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் பரிசோதனைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்துதர வேண்டும். இடுப்புவலிக்குக் கடையில் வாங்கி விழுங்கும் டைக்லோஃபெனாக் மாத்திரை இவர்களுக்கு எவ்வளவு ஆபத்து என்பதையும் அந்தப் பணியாளரே சொல்லட்டும். எங்கள் பெண்கள் அவர் பேச்சைக் கேட்பார்கள்.

எடை, மாத்திரை அளவு, கடைசியாக நீர் எடுத்த தேதி ஆகியவற்றைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிய அட்டை ஒன்று வேண்டும். தோட்டத்தில் மயங்கி விழுபவரைக் கேரளப் பக்கத்து மருத்துவமனைக்குத்தான் தூக்கிச் செல்கிறோம்.

5 லிட்டருக்கு மேல் நீர் எடுத்தால், எடுக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 முதல் 8 கிராம் ஆல்புமின் ஏற்ற வேண்டும். கம்பம், உத்தமபாளையம் அரசு மருத்துவமனைகளில் அது எப்போதும் இருப்பில் இருந்தால், வீங்கிய வயிற்றோடு கே. விளக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை பேருந்தில் போகத் தேவையிராது. காய்ச்சல், வயிற்றுவலி, பேச்சில் குழப்பம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றே வயிற்று நீரைச் சோதித்துக் கிருமித் தொற்றுக்கு மருந்து தொடங்கவும் அங்கேயே ஏற்பாடு செய்யுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஏலத்தோட்டத் தொழிலாளி ஒருவரின் தங்கை,
கம்பம்.