சரிகமவும் டோ ரே மீயும்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை பேத்திக்கு ‘சவுண்ட் ஒப் மியூசிக்’ போட்டுக் காட்டினேன். 1965இல் வந்த ஆங்கிலப் பாட்டுப் படம். ஓட்டம் மூன்று மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. பத்து நிமிடத்தில் போனைக் கையில் எடுத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். படத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வரும் மரியா அவர்களுக்கு டோ, ரே, மீ சொல்லிக்கொடுக்கத் தொடங்கியதும், “அம்மம்மா, இது எங்கட சரிகம தானே?” என்றாள். பிறகு போன் மேசையிலேயே கிடந்தது.

நான் இதை முதலில் பார்த்தது மின்சாரமே இல்லாத காலத்தில், அயல்வீட்டு முற்றத்தில். பாட்டுப் பாதி, ஜெனரேற்றர் இரைச்சல் பாதி. மண்ணெண்ணெய் தீர்ந்து படம் இடையில் நின்றுவிட்டது. 1995 ஒக்டோபரில் போரால் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து, பிள்ளைகளோடு மழையில் நாவற்குழிப் பாலம் கடந்து, வருடங்கள் கழித்துத்தான் முடிவைப் பார்த்தேன்: நாசிகளிடமிருந்து தப்ப, கடைக்குட்டியை முதுகில் சுமந்தபடி அந்தக் குடும்பம் மலையேறுகிறது. (கதைக்கு மூலமான நிஜக் குடும்பம் ரயிலேறித்தான் இத்தாலிக்குப் போனது. சரி, படம்தானே.) திரைச்சீலைத் துணியில் தைத்த சட்டைகளைக் கண்டு சிரித்த பேத்தி, அந்த இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பாடசாலை விடுமுறையில் இப்படியான பழைய படங்களை எங்கள் திரையரங்குகள் பகற்காட்சியாகப் போட்டால் என்ன? ரிக்கெற் வாங்க நாங்கள் இரண்டு பேர் தயார்.

ஒரு வாசகி,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்