‘உலகின் பெரிய நத்தை’ நம் தோட்டத்தில் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

மழை தொடங்கியதும் வாழைத் தோப்பிலும் மதில் சுவரிலும் அப்பிக்கொள்ளும் ஆப்பிரிக்க நத்தையை ‘உலகிலேயே பெரிய நத்தை’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது சரியல்ல. தரையில் வாழ்பவற்றில் மிகப் பெரியது மேற்கு ஆப்பிரிக்காவின் புலி நத்தை. 1976இல் சியரா லியோனில் கிடைத்த ஒன்று, உடலை முழுக்க நீட்டியபோது 39.3 செ.மீ. இருந்தது, எடை 900 கிராம். கடலையும் சேர்த்துப் பார்த்தால் முதலிடம் வட ஆஸ்திரேலியக் கடலின் எக்காளச் சங்கு என்ற கடல் நத்தைக்கே. 1979இல் எடுக்கப்பட்ட ஒன்றின் ஓடு மட்டும் 77.2 செ.மீ., உயிரோடு எடை சுமார் 18 கிலோ. நாம் கோயிலில் ஊதும் சங்கும் அதே குடும்பந்தான். நன்னீரில் பெரியது தென் அமெரிக்க ஆப்பிள் நத்தை. ஓடு 15 செ.மீ. தாண்டும்.

நம்மிடம் இருப்பது கிழக்கு ஆப்பிரிக்க நத்தை. ஓடு 20 செ.மீ. வரை வளரும். 1847இல் பென்சன் என்ற ஆங்கிலேயர் மொரீஷியஸிலிருந்து கொல்கத்தாவுக்குக் கொண்டுவந்தது இந்தியா முழுக்கப் பரவியது. இதன் பலம் உருவத்தில் இல்லை, முட்டையில் இருக்கிறது. ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாக இருப்பதால் எல்லாமே முட்டையிடும். ஒரு முறை இணைசேர்ந்தால் அந்த விந்தைச் சேமித்துவைத்துப் பல மாதங்களுக்கு முட்டையிட முடியும். ஒரு தடவைக்கு 100 முதல் 400 வரை, வருடத்தில் பல தடவை. ஆகவே பெரியதை மட்டும் பொறுக்கிவிட்டு ஓய்ந்தால் அடுத்த மாதமே தோப்பு நிறைந்துவிடும். வாழைக்கட்டையின் அடியிலும் தொட்டிகளுக்குக் கீழும் ஈர மண்ணை இரண்டு அங்குலம் கிளறிப் பார்க்க வேண்டும். மிளகை விடச் சற்றே பெரிதாக, வெளிர் மஞ்சளாக முட்டைகள் குவியலாகக் கிடக்கும்.

பொறுக்குவதற்குமுன் எது எது என்று தெரிந்துகொள்ளுங்கள். டெல்டாவில் சமைத்துச் சாப்பிடும் வயல் நத்தை உருண்டையானது. வாயை அடைக்கக் கெட்டியான மூடி இருக்கும். ஆப்பிரிக்க நத்தை கூம்பு வடிவம், மூடி கிடையாது. பயத்தில் வயல் நத்தையையும் சேர்த்துக் கொல்வது வருத்தமான காரியம்.

மாலையில் ஈரச் சாக்குகளை விரித்து, அடியில் பப்பாளி இலை அல்லது முட்டைக்கோஸ் இலைகளை வையுங்கள். இரவிலோ விடியலிலோ கையுறையோடு பொறுக்கி, லிட்டருக்கு 200 கிராம் கல் உப்பு கரைத்த தண்ணீரில் போட வேண்டும். செத்தவற்றைப் பயிரில்லாத இடத்தில் ஆழமாகப் புதைக்கலாம். செடியைச் சுற்றி உப்பைத் தூவுவது பெரிய தவறு. நத்தை போனாலும் மண் கெட்டுவிடும். உயிரோடு சாலையில் எறிவதும் வீண், ஊர்ந்து திரும்பி வரும்.

எண்ணிக்கை மீறினால் கேரளத்தில் பரிந்துரைக்கும் கலவை உதவும். 25 கிராம் புகையிலையை 1.5 லிட்டர் தண்ணீரில் ஒரு லிட்டராகச் சுண்டக் காய்ச்சி வடிகட்டுங்கள். 60 கிராம் துருசை (காப்பர் சல்பேட்) தனியே ஒரு லிட்டரில் கரைத்துப் பிறகு இரண்டையும் சேருங்கள். இரும்பு வாளி ஆகாது, பிளாஸ்டிக் வாளி போதும். நத்தை கூடும் சுவரிலும் வேலியிலும் நேரே அதன்மேல் தெளியுங்கள். இளம் இலையில் பட்டால் கருகும். கிணறு, குளம் பக்கம் கூடவே கூடாது, துருசு மீனைக் கொல்லும்.

வெறுங்கையால் தொட வேண்டாம் என்பது மிகையான எச்சரிக்கை அல்ல. எலியின் நுரையீரல் புழு இந்த நத்தைக்குள் வளர்கிறது. மனித உடலுக்குள் போனால் மூளைச்சவ்வு அழற்சி வரும். நத்தை ஊர்ந்த தோட்டத்துக் கீரையை நன்கு கழுவி வேகவைத்தே உண்ணுங்கள். பிள்ளைகள் விளையாட எடுத்தால் சோப்பு போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள்.

கோடையில் காலி ஓடு போலக் கிடப்பதையும் நம்பக் கூடாது. வாயில் காகிதம் போன்ற வெள்ளைப் படலம் இருந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. அப்படியே மாதக்கணக்கில் உறங்கும். தொழுவுரம், நாற்றுத் தொட்டி, மணல் லோடு வழியாக அடுத்த ஊருக்குப் போவது இப்படித்தான். இறக்கும்போதே சலித்துப் பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வாழை விவசாயிகள் சிலர்