டெங்குவிலிருந்து எழுந்த நண்பனுக்கு

திருநகர், மதுரை

அன்பு நண்பா,

மேலூரிலிருந்து நீ எழுதிய கடிதம் நேற்றுக் கிடைத்தது. தட்டணுக்கள் ஏறிவிட்டன, ரசம் சோறு இறங்குகிறது என்று படித்த பிறகே எனக்கு மனம் ஆறியது. ஆனால் "வந்தது வந்துவிட்டது, இனி ஆயுசுக்கும் வராது, கொசுவலையை மடித்துப் பரணில் போட்டுவிட்டேன்" என்று எழுதியிருந்தாயே, அந்த வரிக்காகவே உடனே பதில் எழுதுகிறேன். வலையை இறக்கிவிடு.

அந்த நம்பிக்கையை நமக்குத் தந்தது அம்மைதான். தட்டம்மையைப் பொறுத்தவரை அது பொய்யும் அன்று. வட அட்லாண்டிக் கடலிலுள்ள பரோயே தீவுகளில் 1781-இல் பரவிய தட்டம்மை, அதன் பிறகு 65 ஆண்டுகள் அங்கே தலைகாட்டவில்லை. 1846-இல் மீண்டும் நுழைந்தபோது, எட்டாயிரத்துக்கும் குறைவான மக்களில் ஏறத்தாழ ஆறாயிரம் பேரைப் படுக்க வைத்தது. அங்கு சென்று ஆராய்ந்த பானும் என்ற டென்மார்க் மருத்துவர், 1781-இல் அந்நோயில் விழுந்து எழுந்திருந்த முதியவர்களில் ஒருவரைக்கூட அது மறுபடி தொடவில்லை என்று பதிவு செய்தார்.

டெங்குவின் கணக்கு வேறு. அதில் நான்கு வகைகள் உண்டு. உனக்கு வந்த வகைக்கு எதிரான காப்பு நெடுங்காலம் நிற்கும். மற்ற மூன்றுக்கும் எதிராகக் கிடைப்பது சில மாதக் காப்பே. அதற்குப் பின் வேறொரு வகை தொற்றினால், உடம்பிலுள்ள பழைய எதிர்ப்பொருள்கள் அதை அழிக்குமளவுக்குப் பொருந்தாமல், சும்மா ஒட்டிக்கொண்டு, வெள்ளணுக்களுக்குள் கிருமி நுழைய வழியும் செய்து கொடுத்துவிடக்கூடும். காவல்காரனே கதவைத் திறந்துவிட்ட கதைதான். இரண்டாம் டெங்கு முதலாவதைவிட ஆபத்தாக முடியும் வாய்ப்பு கூடுவது இதனால்தான். உனக்கு வந்தது எந்த வகை டெங்கு என்பது நீ வைத்திருக்கும் சாதாரணப் பரிசோதனைச் சீட்டில் இராது.

கொரோனாவுக்கான எதிர்ப்பொருள் குறைந்துவிட்டதென்று உன் மருமகள் கவலைப்படுவதாகவும் எழுதியிருந்தாய். இரத்தத்தில் அளவு இறங்குவது இயல்பு. கிருமியை நினைவில் வைத்திருக்கும் அணுக்கள் அதன் பிறகும் இருக்கும். 1918-இன் விஷக் காய்ச்சலை, அதாவது அன்றைய ஃப்ளூவை, சிறு வயதில் கடந்தவர்களிடம் 90 ஆண்டுகள் கழித்தும் அந்த நினைவணுக்கள் இருந்ததை 2008-இல் கண்டறிந்தார்கள். ஃப்ளூவும் கொரோனாவும் திரும்பத் திரும்ப வருவதற்கு நம் மறதி பாதிக் காரணம் என்றால், அவை வேடம் மாற்றிக்கொள்வது மறு பாதி.

என் சங்கதியையும் கேள். சென்ற ஆடியில் இடது விலாவில் பட்டை போலக் கொப்புளம் கிளம்பித் தீயாய் எரிந்தது. வீட்டார் விடவில்லை, விளாச்சேரி வேளார் ஒருவர் காவியை இழைத்துக் கோழி இறகால் அக்கி எழுதினார். குளுகுளுவென்று இருந்தது, அதை மறுக்கமாட்டேன். மருத்துவரோ, பத்து வயதில் எனக்கு வந்த சின்னம்மைக் கிருமியே இது என்றார். வேப்பிலைத் தண்ணீர் ஊற்றி அனுப்பிவிட்டதாக அம்மா நினைத்தது ஊரைவிட்டே போகவில்லை. நரம்பின் வேரில் இத்தனை காலம் படுத்திருந்து, வயதில் காவல் தளர்ந்ததும் எழுந்திருக்கிறது.

இன்னொன்று: டெங்குக் கொசு பகலில் கடிப்பது. இராத்திரிக்கு மட்டும் வலை கட்டினால் போதாது. மதியம் நீ கண்ணயரும் திண்ணைக் கட்டிலுக்கும் கட்டு. கொல்லைத் தொட்டியின் உட்சுவரில் முட்டை ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரைக் கொட்டிவிடுவதோடு நிறுத்தாமல், வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவச் சொல்.

உன் பழைய தோழன்